ரொட்டிப் பகடை

லூயி ஜூபனின் தங்கை அனுப்பிய விளையாட்டுப் பெட்டியில் எல்லாம் இருந்தன; பகடைகள் மட்டும் இல்லை. அஞ்சல் அறைக் காவலர்கள் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, பெட்டியின் மூடியில் ஒரு மஞ்சள் தாளை ஒட்டியிருந்தார்கள். பகடை சூதாட்டக் கருவி, சிறைக்குள் அனுமதி இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

"காரை அனுப்பிட்டு சக்கரத்தக் கழட்டி வச்சிக்கிட்டானுங்க பாரு" என்றான் ஜூபன்.

அவனோடு ஒரே அறையில் அடைபட்டிருந்த ஆல்டன் ப்ரூவிட் ஆட்டத்தின் விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினான். எதையும் முதல் பக்கத்திலிருந்து படிப்பது அவன் வழக்கம்.

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மோதி, விழுந்து எழுந்து ஆடும் கால்பந்தை அட்டைகளால் நடத்தும் விளையாட்டு அது. ஒஹையோவில் பிறந்தவனுக்கு வேறு கால்பந்து தெரியாது. பெட்டிக்குள் ஒரு பழைய பருவம் முழுவதும் அடங்கியிருந்தது. 1971ஆம் ஆண்டில் ஆடிய இருபத்தாறு அணிகளின் ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கோர் அட்டை. அட்டையில் பதினொன்று முதல் அறுபத்தாறு வரை எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு விளைவு. கருப்புப் பகடை பத்தின் இடம், வெள்ளைப் பகடை ஒன்றின் இடம். கருப்பில் நான்கும் வெள்ளையில் இரண்டும் விழுந்தால் நாற்பத்திரண்டு. பந்தை ஏந்தியவனின் அட்டையில் நாற்பத்திரண்டுக்கு எதிரே எத்தனை கஜம் என்று இருக்கிறதோ, அத்தனை கஜம் அவன் ஓடினான் என்று பொருள். அந்த ஆட்டக்காரன் அந்த ஆண்டு உண்மையில் எப்படி ஆடினானோ அதை அளந்து இட்ட எண்கள் அவை. நல்ல ஆட்டக்காரன் பெரும்பாலும் நன்றாகவே ஆடுவான். எந்த ஆட்டத்தில், எந்த நேரத்தில் என்பதைத்தான் பகடை தீர்மானிக்கும்.

கடையில் எத்தனையோ ஆண்டுகளின் பெட்டிகள் கிடைத்தும் ஜூபன் எழுபத்தொன்றைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் இருந்தது. அந்த ஆண்டின் நவம்பர் மாதத்தில்தான் ஆல்டன், இருபத்து நான்கு வயதில், குடிவெறியில், ஒரு பெட்ரோல் நிலையத்தின் காசாளரைச் சுட்டுக் கொன்றான். பருவத்தின் பின்பாதி மாவட்டச் சிறையில், எங்கோ நான்கு கம்பிக் கதவுகளுக்கு அப்பால் ஒலித்த வானொலியின் இரைச்சலாகவே அவனுக்குக் கழிந்தது.

"உனக்குப் பாதி சீசன் பாக்கி இருக்கு வாத்தியாரே. ஆடித் தீத்துடலாம்" என்றான் ஜூபன்.

வாத்தியார் என்பது ஆல்டனுக்கு அவன் சூட்டிய பெயர். போர்வையின் மடிப்பு கட்டிலின் விளிம்புக்கு நேராக இல்லாவிட்டால் எழுந்து சரிசெய்துவிட்டு வந்துதான் ஆல்டனால் படுக்க முடியும். முப்பத்து மூன்று ஆண்டுகளாக உள்ளே கிடந்தவனுக்கு ஒழுங்கு ஒன்றுதான் சொந்தமாக மிஞ்சியிருந்தது.

பகடைக்குப் பதிலாக ஜூபன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒன்று முதல் ஆறு வரை எழுதிய ஆறு துண்டுச் சீட்டுகளை ஒரு காலுறைக்குள் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டை எடுப்பது. முதலில் வந்தது பத்தின் இடம், அடுத்தது ஒன்றின் இடம். இப்படியே இரண்டு வாரத்து ஆட்டங்கள் முழுவதையும் ஆடி முடித்தார்கள். மூன்றாம் வாரத்தின் முதல் ஆட்டத்தில் ஆல்டன் கையிலிருந்த காலுறையைக் கீழே வைத்தான்.

"ஜூபன், இதுவரைக்கும் முப்பத்து மூணு வந்துச்சா?"

"ஞாபகமில்லையே."

"வரல. இருபத்திரண்டும் வரல, அறுபத்தாறும் வரல. வரவும் வராது. முதல்ல எடுத்த சீட்டை உள்ள போடாமலே அடுத்தத எடுக்குறோம். மூணு வெளிய வந்துட்டா மறுபடி மூணு எங்கேருந்து வரும்?"

ஜூபன் வாயைப் பிளந்தான். அட்டைகளில் பெரிய விளைவுகள் எல்லாம் ஒரே இலக்கம் இரண்டு முறை வரும் எண்களுக்கு எதிரேதான் இருந்தன. நீண்ட ஓட்டம், பந்தைத் தவறவிடுவது, எதிரி பறித்துக்கொண்டு ஓடுவது, எல்லாமே.

"அட போய்யா! அதான் ரெண்டு வாரமா ஒருத்தனும் ஓடலியா? நான் எல்லாப் பயலுக்கும் வயசாயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்."

"ரெண்டு வாரத்தையும் அடிச்சிட்டு முதல்லேருந்து ஆடணும்."

"வாத்தியாரே, ஜட்ஜ் நமக்குக் குடுத்தது ஆயுள் தண்டனைதான். ஆயுசக் குடுக்கல."

ஆனாலும் முதலிலிருந்துதான் ஆடினார்கள். எழுதுதாள் கட்டின் கெட்டியான பின்னட்டையை ஆல்டன் ஒரே அளவாக வெட்டி, பதினொன்று முதல் அறுபத்தாறு வரை ஆறின் ஆறு மடங்காக முப்பத்தாறு சீட்டுகள் செய்தான். ஒன்றை எடுப்பது, படிப்பது, திரும்பப் போடுவது, குலுக்குவது. அணிகளைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கிளீவ்லாந்தில் பிறந்து, அங்கேயே எஃகு ஆலையில் வேலை பார்த்து, அங்கேயே கொலையும் செய்தவனான ஜூபனுக்குக் கிளீவ்லாந்து அணி போயிற்று. ஆல்டனின் கைக்கு வந்தவற்றுள் சிறந்தது கேன்சஸ் சிட்டி. இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய பொழுதுகளில் பருவம் மெல்ல நகர்ந்தது. வரலாற்றில் தோற்ற அணிகள் வென்றன. காலொடிந்து வீட்டில் கிடந்தவர்கள் காகிதத்தில் ஓடினார்கள். பருவத்தின் பாதியில் ஜூபனின் கண் மஞ்சளாயிற்று. அது கணையத்தில் வந்த நோய் என்றும், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றும் மருத்துவர் சொன்னார்.

அவனைச் சிறை மருத்துவமனைக்கு மாற்றிய வாரத்திலேயே ஆல்டன் அங்கே துணையாள் பணிக்கு எழுதிக் கொடுத்தான். சாகக் கிடக்கும் கைதிகளைக் குளிப்பாட்டி, வாயை ஈரப்படுத்தி, கடைசி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்குக் கைதிகளிலேயே சிலரைப் பழக்கி வைத்திருந்தார்கள். மேல்தளத்தைச் சேர்ந்த பர்னல் என்ற கறுத்த, பருத்த மனிதன் அவர்களில் மூத்தவன். நாலைந்து பேரை வழியனுப்பியவன். நோயாளியை வலிக்காமல் புரட்டுவது எப்படி என்று ஆல்டனுக்குக் காட்டியவனும் அவனே.

ஜூபனை மாற்றிய நாளில் ஒரு சிறு இழப்பு நேர்ந்தது. படுக்கைத் துணிகளை மூட்டை கட்டிய அவசரத்தில் ஒரு சீட்டு தொலைந்துபோனது. எண்ணிப் பார்த்தபோது அறுபத்தாறைக் காணவில்லை. பழைய அட்டை தீர்ந்திருந்ததால், பிஸ்கோத்துப் பெட்டி ஒன்றின் பக்கத்தை அதே அளவுக்கு வெட்டி, எண்ணை எழுதி, காலுறைக்குள் போட்டான் ஆல்டன். அளவு மயிரிழைகூடப் பிசகவில்லை என்பதில் அவனுக்குத் திருப்தி.

குளிர்காலம் முடியும் தறுவாயில், இறுதி ஆட்டத்துக்கு முந்திய ஆட்டத்தில் கிளீவ்லாந்தும் கேன்சஸ் சிட்டியும் எதிரெதிரே வந்து நின்றன. அதே சமயத்தில் இன்னொன்றும் நெருங்கிக்கொண்டிருந்தது. விடுதலைக் குழு ஆல்டனை ஐந்தாம் முறையாக விசாரிக்கவிருந்தது. முந்திய நான்கு முறையும் மறுத்திருந்தார்கள். இம்முறை சட்டக் கல்லூரியிலிருந்து ஓர் இளம் வழக்கறிஞர் கூலியில்லாமல் வாதாட வந்திருந்தாள்.

"பதினோரு வருஷமா உங்க மேல விதி மீறினதா ஒரு ரிப்போர்ட் கிடையாது, மிஸ்டர் ப்ரூவிட். அதைத்தான் முன்னால வச்சுப் பேசப் போறேன். அதுவரைக்கும் தும்முறதா இருந்தாக்கூட அனுமதி கேட்டுட்டுத் தும்முங்க" என்று அவள் சொல்லியிருந்தாள்.

அவனுடைய அக்கா மகள் தன் வீட்டின் பின்னறையைக் காலி செய்து, கட்டில் போட்டு, படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஜன்னலுக்கு உட்புறம் தாழ்ப்பாள் இருந்ததை ஆல்டன் படத்தில் பலமுறை பார்த்தான். தானே திறந்து தானே மூடக்கூடிய ஜன்னல்.

ஆட்டத்தில் கேன்சஸ் சிட்டி வென்றது. சாதாரண வெற்றியன்று, ஆல்டனின் ஓட்டக்காரன் லானி டிராஸ்க், ஒரே ஆட்டத்தில் ஐந்து முறை மைதானத்தின் பாதியைக் கடந்து ஓடினான். ஐந்து முறையும் அறுபத்தாறு. ஜூபன் தலையணையில் சாய்ந்துகொண்டான். பிறகு கையை நீட்டினான்.

"அந்தச் சாக்ஸக் குடு."

கண்ணை மூடிக்கொண்டு காலுறைக்குள் விரல்களை விட்டான். சற்றுத் துழாவி ஒரு சீட்டை எடுத்துப் போர்வைமேல் வைத்தான். அறுபத்தாறு. திரும்பப் போட்டுக் குலுக்கி மறுபடியும் துழாவினான். மறுபடியும் அறுபத்தாறு.

"வழவழன்னு இருக்குய்யா இது" என்றான். "மத்ததெல்லாம் சொரசொரன்னு இருக்கு, இது மட்டும் மீன்குஞ்சு மாதிரி வழுக்குது."

ஆல்டன் அந்தச் சீட்டை வாங்கித் தடவிப் பார்த்தான். அளவைப் பார்த்தவன் பரப்பைப் பார்க்கவில்லை.

"ஜூபன், சத்தியமா நான் தெரிஞ்சு…"

"நீ ஏமாத்தினேன்னு நான் சொல்லல. உன் விரல் ஏமாத்திச்சு. உனக்கே தெரியாம."

"இன்னிக்கே முப்பத்தாறையும் புதுசா வெட்டுறேன். மறுபடி ஆடலாம்."

"வேணாம். நீ வெட்டின சீட்டு, நீ எடுக்குற சீட்டு. இனிமே நீ உள்ள கை விடும்போதெல்லாம் என் கண்ணு உன் விரல்மேலயே இருக்கும்." ஜூபன் மூச்சு வாங்கிக்கொண்டான். "என்னைக் கழுவிவிடுற கை அது. அதச் சந்தேகப்பட்டுக்கிட்டே சாக எனக்கு இஷ்டமில்ல வாத்தியாரே. பகடை கொண்டா. உருட்டி விட்டுட்டா அது உனக்கும் சொந்தமில்ல, எனக்கும் சொந்தமில்ல."

ஆல்டன் இதைப் பர்னலிடம் சொன்னபோது, அவன் துடைத்துக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்தான்.

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? குழு கூடுறதுக்கு எத்தனை நாள் இருக்கு?"

"ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல."

"பகடை வச்சிருந்தா சூதாட்டம்னு எழுதுவானுங்க. உன் வக்கீலம்மா பதினோரு வருஷம்னு வாயத் தொறக்கும்போதே அந்தத் தாளத் தூக்கிக் காட்டுவானுங்க. அந்தாளு சாகப்போறான், அவனுக்கு என்ன? உனக்கு வெளிய ஒரு கட்டில் இருக்குன்னு சொன்னியே."

"ஒரே ஒரு ஆட்டம்தான், பர்னல்."

"ஒரே ஒரு குண்டுலதான் நீயும் உள்ள வந்த" என்றான் பர்னல். சொன்ன பிறகு வருந்தியவனாய் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

பர்னல் சொன்னது சரி என்று ஆல்டனுக்குத் தெரியும். ஆனால் தன் ஒழுங்கில் ஒரு பழுது இருந்தது என்பதையும், அதை ஒரு சாகும் மனிதன் விரல்நுனியால் கண்டுபிடித்தான் என்பதையும் அவனால் தாங்க முடியவில்லை. காலைச் சாப்பாட்டு ரொட்டியின் வெள்ளைப் பகுதியைச் சேர்த்து வைத்தான். எச்சிலில் நனைத்து, பற்பசை கலந்து, மாவு கல்லைப்போல் இறுகும்வரை பிசைந்தான். ஒன்றில் காப்பித் தூளைக் கலந்து கருமையாக்கினான். வெப்பக் குழாயின் மேல் காயவைத்து, சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு முகத்தையும் தேய்த்துச் சமன்செய்தான். உருட்டிப் பார்த்ததில் கருப்பில் மூன்று அடிக்கடி விழுந்தது. அதை உடைத்துக் கழிப்பறையில் போட்டுவிட்டு வேறொன்று செய்தான். மூன்றாவது கருப்புப் பகடைதான் அவனுக்கு ஒப்புதலாயிற்று. வெள்ளையையும் அதையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மருத்துவமனையின் சோதனை வாசலைக் கடந்தான். வாசலில் இருந்தவர் அவனை ஆண்டுக்கணக்காக அறிந்தவர், சோதிக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அந்த வார்டில் காவலர் வருவது அரிது. ஆல்டன் உணவுத் தட்டின்மேல் ஒரு துண்டை விரித்துப் பகடைகளை எடுத்து வைத்தான். ஜூபன் அவற்றை உள்ளங்கையில் போட்டு, முகர்ந்து பார்த்தான்.

"புதினா வாசம். பல்லு விளக்கின பகடைய இன்னிக்குத்தான்யா பாக்குறேன்."

"மெதுவா உருட்டு."

"துண்ட எடு."

"சத்தம் கேக்கும்."

"கேக்கத்தான் எடுக்கச் சொல்றேன். ரெண்டு வருஷமா ஊமை ஆட்டம் ஆடியாச்சு."

ஆல்டன் சற்றுத் தயங்கித் துண்டை எடுத்தான். பகடைகள் தகரத் தட்டில் உருண்டன. எலும்பு உருளுவதுபோல வறண்ட, தெளிவான சத்தம். ஜூபனின் மஞ்சள் முகத்தில் பல நாள் காணாத ஒரு துடிப்பு ஏறிற்று. பத்து நிமிடத்தில் அவன் நோயாளியாக இல்லை. வசை பாடினான், கெஞ்சினான், தன் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லித் திட்டினான்.

"ஹச்சின்ஸ்! கண்ணு எங்கடா இருக்கு உனக்கு? ஆள் அங்க தனியா நிக்கிறான், நீ இவங்கிட்ட எறியுற!"

"அட்டைகிட்ட கத்தாத பெருசு, அதுக்குக் காது கிடையாது."

"உன் டிராஸ்க்குக்கு இன்னிக்குக் காலே கிடையாது. எங்க போச்சு அந்த மீன்குஞ்சு ஓட்டம்?"

டிராஸ்க் அன்று தவழ்ந்தான். மூன்றாம் கால்பகுதியின் நடுவில் கிளீவ்லாந்து பதினேழு, கேன்சஸ் சிட்டி பதினான்கு. ஆல்டனுக்குத் தோற்கப் போகிறோம் என்ற பயமே எழவில்லை. முதுகில் ஏறியிருந்த ஏதோ ஒரு பாரம் ஒவ்வோர் உருட்டலுக்கும் கொஞ்சம் இறங்கியது. பந்து தன் பக்கம் மாறுமா என்பதைத் தீர்மானிக்கும் கட்டத்தில், பகடைகளைக் கையில் எடுத்துக் குலுக்கி உருட்டினான். தலை நிமிர்ந்தபோது கட்டிலின் காலடியில் லண்டி நின்றுகொண்டிருந்தார்.

லண்டி அந்த வார்டின் காவலர் அல்லர். விடுப்பில் போனவருக்குப் பதிலாக அன்று வந்தவர். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து அறிந்தவர், கூச்சல் போடாதவர். தட்டில் கிடந்த இரண்டு பகடைகளையும் குனிந்து பார்த்தார்.

"யாருது இது?"

"என்னுது சார்" என்றான் ஜூபன்.

"நீயா செஞ்ச? உன்னால எந்திரிச்சு உக்கார முடியாது."

"படுத்துக்கிட்டே பிசைஞ்சேன் சார். உங்க ஆஸ்பத்திரி ரொட்டி வேற எதுக்கும் லாயக்கில்ல."

லண்டி ஆல்டன் பக்கம் திரும்பினார். "ப்ரூவிட், நீயும் ஆடினியா?"

வாயைத் திறப்பதற்குள் ஆல்டனின் மனத்தில் ஓடியது ஒரு ஜன்னலின் தாழ்ப்பாள். வேறெதுவும் இல்லை.

"நான் தண்ணி குடுக்க வந்தேன் சார்."

சொல் வெளியே வந்த பிறகுதான் தட்டின் பக்கத்தில் தண்ணீர்க் கோப்பையே இல்லை என்பதை அவன் கண்டான். லண்டியும் கண்டார். ஜூபன் இருமலுக்கிடையே சிரித்தான்.

"அவனுக்கு என்ன சார் தெரியும், ஆடுறதுக்கு? எண்ணக்கூடத் தெரியாது. வழவழன்னு இருக்குறதுக்கும் சொரசொரன்னு இருக்குறதுக்கும் வித்தியாசம் தெரியாத பய."

லண்டி பகடைகளைக் காகித உறையில் போட்டுக்கொண்டார். பெட்டியையும் அட்டைகளையும் வாரி எடுத்துக்கொண்டார். அன்று மாலையே அறிக்கை எழுதப்பட்டது. விதி தெளிவாக இருந்தது. சூதாட்டக் குற்றத்தில் பிடிபட்ட கைதிக்கு முப்பது நாள் சலுகைகள் நிறுத்தப்படும். மற்றக் கைதிகள் அவனோடு பேசவோ அருகில் உட்காரவோ கூடாது. துணையாள் என்பதும் சலுகை என்றே விதி சொன்னது. ஜூபனை வார்டின் கடைசியிலிருந்த தனியறைக்கு மாற்றினார்கள். முப்பது நாள் அவனுக்கு இல்லை என்பது அறிக்கை எழுதியவருக்கும் தெரியும், கையெழுத்திட்டவருக்கும் தெரியும்.

ஆல்டனுக்கு வேறு இரண்டு கட்டில்கள் ஒதுக்கப்பட்டன. ஒருவனைப் புரட்டும்போதும் இன்னொருவனுக்குக் கஞ்சி ஊட்டும்போதும் கடைசி அறையின் இருமல் அவன் காதில் விழுந்தபடியே இருந்தது. உண்மையைச் சொன்னால் குற்றம் தன் பெயருக்கு மாறும், ஜூபனின் தடை நீங்கும். இதை அவன் ஒவ்வொரு காலையும் ஒழுங்காக நினைத்தான். ஒவ்வொரு மாலையும் ஒழுங்காகத் தள்ளிப்போட்டான். குழு கூடும்வரை போதும். அது முடிந்த மறுநிமிடமே லண்டியிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று தனக்குத்தானே தேதி குறித்துக்கொண்டான்.

கடைசி அறைக்குள் போகக்கூடிய தாதி ஒருத்தி, ஒரு நாள் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் வழியில் அவனருகே நின்றாள்.

"அந்த ஜூபன் உங்களக் கேக்கச் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. பந்து யாருகிட்ட இருக்குன்னு கேக்குறாரு."

கடைசியாக உருட்டிய பகடையில் என்ன விழுந்தது என்பதை ஆல்டன் பார்த்திருக்கவில்லை. லண்டியின் காலணிகளைத்தான் பார்த்தான்.

"அவன்கிட்டத்தான்னு சொல்லுங்க" என்றான்.

"சும்மா அவருகிட்டதான்னு சொல்லாம, விதிப்படி பாத்துச் சொல்லச் சொன்னாரு."

"விதிப்படிதான். கிளீவ்லாந்துகிட்டதான் பந்து."

அவன் வாழ்க்கையில் ஆட்டக் கணக்கைப் பொய்யாகச் சொன்னது அந்த ஒரு முறைதான். அது ஜூபனைச் சென்று சேர்ந்ததா என்பது தெரியவில்லை. அடுத்த நாள் தாதி வேறு தளத்தில் இருந்தாள். அதற்கு அடுத்த நாள் விடியலில் இருமல் நின்றிருந்தது. யாரும் பக்கத்தில் இல்லை. வாயை ஈரப்படுத்த ஆளில்லாமல் உதடுகள் வெடித்திருந்தன என்று, உடலைத் துடைக்க அனுப்பப்பட்ட பர்னல் சொன்னான். அவன் ஆல்டனை ஒரு வார்த்தைகூடக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் ஏதாவது செஞ்சிருக்கணும்" என்றான் ஆல்டன்.

"செத்தவனுக்கு இனிமே நீ என்ன செய்வ? உன் வேலையப் பாரு. வியாழக்கிழமை சட்டையத் தேச்சுப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் பர்னல் கைகளைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

வியாழக்கிழமை ஆல்டன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். குழு கொலம்பஸ் நகரத்தில் இருந்தது. அவன் ஒரு சிறிய அறையில் திரையின் முன்னால் உட்கார்ந்தான். திரையில் மூன்று முகங்கள். ஓரத்தில், தனிச் சதுரத்தில், இறந்துபோன காசாளரின் மகள். ஐந்து முறையும் வந்தவள். முதல் முறை வந்தபோது கூந்தல் கருப்பாக இருந்தது. இளம் வழக்கறிஞர் பதினொரு ஆண்டுகளைப் பற்றி நன்றாகப் பேசினாள். துணையாள் பணியைப் பற்றிப் பேசினாள். அவன் கைகளில் எத்தனை பேர் நிம்மதியாக இறந்தார்கள் என்று அவள் சொன்னபோது, ஆல்டன் தன் கைகளை மேசைக்குக் கீழே இறக்கினான்.

நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "உங்க நடத்தையில குறை சொல்ல ஒண்ணுமில்ல, மிஸ்டர் ப்ரூவிட். நீங்க ஏதாவது சேத்துச் சொல்ல விரும்புறீங்களா?"

 ஆல்டன், வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த வருத்தச் சொற்களை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். பிறகு காசாளரின் மகள் பேசினாள். அவள் அதிகம் பேசவில்லை. அப்பா வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த சாக்லேட் பெட்டியைப் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து கொடுத்ததை மட்டும் சொன்னாள்.

குழு கலந்து பேச எடுத்துக்கொண்ட நேரம் ஒரு காப்பி குடிக்கும் நேரம். மறுப்பு. நடத்தை மிக நன்று. ஆயினும் குற்றத்தின் தன்மை கருதி விடுதலை பொருந்தாது. மீண்டும் ஐந்து ஆண்டுகள் கழித்துப் பரிசீலிக்கப்படும். முந்திய நான்கு முறையும் இதே காரணம்தான். குற்றத்தின் தன்மை மாறக்கூடியதன்று. அவர்கள் மேசையில் பதினொரு ஆண்டுகள் இருந்தாலும் ஒன்றுதான், ஓர் அறிக்கை இருந்திருந்தாலும் ஒன்றுதான். திரை அணைந்த பிறகும் வழக்கறிஞர் அழுதுகொண்டிருந்தாள். ஆல்டன் நாற்காலியை மேசைக்குள் நேராகத் தள்ளிவிட்டு எழுந்தான்.

மறுநாள் கைதிகளுக்குச் சோப்பும் பற்பசையும் வழங்கும் சாளரத்தில் லண்டி இருந்தார். ஆல்டன் வரிசையில் நின்றான். தன் முறை வந்தபோது சோப்பைக் கேட்கவில்லை.

"சார், அந்தப் பகடை என்னுது."

"எந்தப் பகடை?"

"ரொட்டிப் பகடை. ஜூபன் கட்டில்ல எடுத்தீங்களே. நான்தான் செஞ்சேன். நான்தான் கொண்டுவந்தேன். அவனுக்கு ஒண்ணும் சம்பந்தமில்ல."

லண்டி பேனாவைக் கீழே வைத்து அவனைப் பார்த்தார். அவர் முகத்தில் வியப்பு இல்லை.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அந்தாளால ரொட்டியப் பிச்சு வாயிலகூடப் போட முடியாது. ஒருத்தன் என்னுதுன்னான். இன்னொருத்தன் தண்ணின்னான். சொன்னதத்தான் எழுத முடியும்."

"இப்ப மாத்தி எழுதுங்க சார். என் பேர்ல எழுதுங்க."

"அந்தாளு போனதோட ஃபைல் மூடியாச்சு. பகடைய அழிச்சாச்சு. செத்தவன் மேல இருக்குற ரிப்போர்ட்ட எந்தக் கணக்குல எடுத்து எந்தக் கணக்குல போடச் சொல்ற?"

"அவன் ஏட்டுல அது இருக்கக் கூடாது சார்."

"அவனோட ஏட்ட இனிமே எவனும் தொறக்கப் போறதில்ல" என்றார் லண்டி. குரலில் கடுமை இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "உன்னுது சுத்தமா இருக்கு. அஞ்சு வருஷம் அப்படியே வச்சுக்க."

ஆல்டன் சாளரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்வதற்கு வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் வரிசையாகவே இருந்தன. கேட்பதற்கு ஆள் இல்லை. லண்டி ஒரு சோப்பையும் ஒரு பற்பசையையும் அவன் முன்னால் தள்ளினார்.

"நகரு பெருசு, பின்னால நாங்க நிக்கிறோம்ல" என்றான் பின்னால் இருந்தவன்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆல்டன் நகர்ந்தான்.